கட்டைவிரலில் போட்ட குறி

எனக்கு எழுபத்தி நாலு வயசு. பெத்தது மூணு, வளர்த்தது அஞ்சு. கூட ரெண்டு யாருடையது என்று கேட்பீர்கள். என் நாத்தனார் பிள்ளைகள். அவள் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அஞ்சு பேருக்கும் சட்டை தைத்தது நான்தான். ஒரே துணியாக வாங்கி அஞ்சு அளவில் வெட்டுவேன். தீபாவளிக்கு அஞ்சும் வரிசையாக நின்றால் ஜன்னலுக்குத் திரை போட்ட மாதிரி இருக்கும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் அமெரிக்காவில் நாடக அரங்கு ஆபீசில் "உனக்கு என்ன டிரெய்னிங்?" என்று கேட்டபோது நான் சொன்ன பதில், "ஃபைவ் சில்ரன்." அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை.

போன மாதம் அந்த அரங்கிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே உள்ள பிள்ளைகள் எல்லா உடுப்புக்கும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களாம். போனைக் காட்டினால் எந்த நாடகம், யார் அளவு, எந்த அலமாரி என்று சொல்லிவிடுமாம். நல்ல விஷயம்தான். ஒட்டும்போது பழைய கோட்டுகளின் காலருக்கு உள்ளே பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் மூணு புள்ளி, ஒன்றில் சூலம், சிலதில் அதற்குப் பக்கத்தில் வட்டம் போட்டு நடுவில் ஒரு குத்து. எல்லாம் நூலில் தைத்தது. "மேரி, இதெல்லாம் என்ன? மந்திரமா?" என்று கேட்டார்கள். அங்கே எனக்கு மேரி என்றுதான் பேர். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கிலீஷ் வரவில்லை. அதே வாரம் நம்ம தமிழ்ச் சங்கத்தில், "ஆன்ட்டி, பொங்கல் மலருக்கு உங்க வேலை அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்றார்கள். சரி, ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். தமிழில் எழுதிவிடுகிறேன், என் மருமகள் கவிதா அந்தப் பிள்ளைகளுக்கு மாற்றிச் சொல்லட்டும்.

நான் படித்தது ரெண்டாம் கிளாஸ். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். சின்ன ர, பெரிய ற எங்கே வரும் என்பது எனக்கும் கடவுளுக்கும் நடக்கிற வழக்கு. என் பேத்தி யாழினி ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள், அவள் திருத்துவாள். இங்கிலீஷ் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் பஸ் நம்பர் மட்டும்தான்.

என் அப்பா ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு ஊரில் துணி வெளுத்தவர். இதை எழுத வேண்டாம் என்று என் மகன் செந்தில் சொன்னான்.

"அம்மா, மலரை எல்லாரும் படிப்பாங்கம்மா."

"படிக்கத்தானேடா எழுதறேன்."

"அதில்லம்மா. சும்மா டெய்லரிங்னு போட்டாப் போதாதா?"

"தைச்சது நான். வெளுத்தது எங்கப்பா. ரெண்டையும்தான் போடுவேன்."

அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டான். வீட்டில் ரெண்டு கேலன் பால் இருந்தது.

அப்பாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. ஆனால் ஊர் முழுக்கத் துணி எடுத்தும் ஒரு வீட்டு வேட்டி இன்னொரு வீட்டுக்குப் போனதே இல்லை. வீட்டுக்கு ஒரு குறி. சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி, அதில் வருகிற பாலைத் தொட்டுத் துணி ஓரத்தில் வைப்பார். எத்தனை வெள்ளாவி கண்டாலும் அழியாது. மணியக்காரர் வீட்டுக்கு மூணு புள்ளி. வாத்தியார் வீட்டுக்கு ஒரு கோடு, தலைமேல் ஒரு புள்ளி. கோயில் துணிக்குச் சூலம். எங்கள் வீட்டுக்கு வட்டம், நடுவில் ஒரு குத்து. அந்தப் பால் தோலில் பட்டால் வெந்துவிடும். அப்பாவின் வலது கட்டைவிரலில் வெந்து வெந்து கறுத்துப்போன ஒரு வடு இருந்தது. பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் நடுவில் அந்த இடம் மட்டும் ரேகை இல்லாமல் வெள்ளையாக விழும். பத்திரம் எழுதுகிறவர், "உன் கைநாட்டை எவனும் திருட முடியாதுப்பா" என்பாராம். எனக்கு எழுத்துக்கு முன்னால் தெரிந்தது அந்தக் குறிகள்தான்.

கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக்காரர் காலமானது, மகன் கூப்பிட்டு நியூ ஜெர்சி வந்தது, எல்லாவற்றையும் எழுதினால் மலர் தாங்காது. ஒன்று மட்டும். கிரீன் கார்டுக்குப் பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது, இங்கேயும் கைநாட்டா என்று. திரும்பிப் பார்த்தால் எம்.எஸ். படித்த ஆள், டாக்டர், எல்லாரும் வரிசையில் நின்று வைக்கிறார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு மரியாதை.

ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் புடவைக்கு ஃபால் தைத்து, ஓரம் அடித்து, பிளவுஸ் அளவு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உயரமாக ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து பழைய சரிகைப் பார்டர் கேட்டார். நாடகத்தில் ராஜா கோட்டுக்கு வேண்டுமாம். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு ஒரு கிழிந்த பட்டைக் கொடுத்துப் பார்டரைப் பிரிக்கச் சொன்னார். சரிகை அறாமல் பிரிக்க ஒரு முறை இருக்கிறது. தையலை வெட்டிக்கொண்டே போகக்கூடாது. மூணு தையலுக்கு ஒன்றைத் தளர்த்திவிட்டு, அடி நூலை மெதுவாக உருவ வேண்டும். அந்த அம்மா பார்டர் முழுக்கப் பிரிந்து வரும் வரை குனிந்த தலை நிமிராமல் பார்த்தார். பார்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து பார்டரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

அவர் பெயர் ரூத். பக்கத்து ஊரில் ஒரு நாடக அரங்கின் உடுப்புப் பிரிவுக்குத் தலைவி. என் பெயர் மாரியம்மாள் என்றேன். மேரி என்று வைத்துக்கொண்டார். ரெண்டும் அம்மன் பெயர்தான், நான் திருத்தவில்லை.

ரூத் அம்மாவின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் வாயில் எப்போதும் பத்துக் குண்டூசி இருக்கும், அதனால் பேச்சு குறைவு. கழுத்தில் டேப். ஆளைக் கூப்பிட வேண்டும் என்றால் விரலுறையால் மேஜையில் ரெண்டு தட்டு. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். சரியாக இருந்தால் எடுத்துக் கம்பியில் மாட்டுவார். அவ்வளவுதான், பாராட்டு கிடையாது. சரியில்லை என்றால் திரும்ப மேஜையில் வைத்து, "ஒன்ஸ் மோர்" என்பார். முகத்தில் கோபம் இருக்காது. முதல் மாதம் எனக்கு இருபது ஒன்ஸ் மோர். அஞ்சு பிள்ளைக்குத் தைத்தவளுக்கு இது தேவையா என்று பஸ்ஸில் உட்கார்ந்து கண் கலங்கியிருக்கிறேன். ரெண்டாம் மாதம் நாலு. அப்புறம் எண்ணவில்லை.

வேலை இப்படி நடக்கும். ஆளுக்கு முப்பதுக்கு மேல் அளவு எடுப்போம். கை தூக்கினால் ஒரு அளவு, உட்கார்ந்தால் ஒரு அளவு. முதலில் காடாத் துணியில் தைத்து ஆள்மேல் போட்டுப் பார்ப்போம். நல்ல துணியை வெட்டும்போது உள்ளே ரெண்டு விரல் துணி விட்டுத்தான் வெட்ட வேண்டும்; நாளைக்கு வேறு நாடகத்தில் வேறு தொந்தி போடுமே. முன்னால் பத்து பட்டன் தெரியும், ஒன்றும் பட்டன் இல்லை. பின்னால் நாலு கொக்கி, ஒரே இழுப்பில் கழலும். நாடகம் நடக்கும்போது மேடை ஓரத்து இருட்டில் நீல விளக்கு ஒன்று மட்டும் எரியும். அங்கே உடை மாற்றிவிடுவதும் எங்கள் வேலைதான். கால்சட்டையைத் தரையில் ரெண்டு கிணறு மாதிரி சுருட்டி வைத்து, அதற்குள்ளேயே செருப்பையும் வைத்துவிட வேண்டும். நடிகர் ஓடி வந்து அதில் இறங்கிக் கையைத் தூக்குவார். அவர் எதையும் பார்க்க மாட்டார். என் கையைத்தான் நம்புவார். நாற்பது நொடி.

எந்தக் காட்சிக்கு எந்த உடுப்பு என்று ஒரு சீட்டு எழுதித் தூணில் குத்தியிருப்பார்கள். இங்கிலீஷில்தான். எனக்குப் படிக்க வராது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒத்திகை தொடங்கும்போதே சீட்டில் ஒரு பிரதியைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். கவிதா சப்பாத்தி திரட்டிக்கொண்டே படித்துச் சொல்லுவாள். நான் மனப்பாடம் செய்துகொண்டு, ஒவ்வொரு உடுப்புக்கும் காலருக்குள் எங்கப்பா குறியில் ஒன்றை நூலால் போட்டுவிடுவேன். இருட்டில் விரலால் தடவினாலே தெரியும்.

"அத்தை, ஏழு வருஷமாச்சு. இன்னுமா அவங்ககிட்ட சொல்லல?"

"எதை?"

"படிக்க வராதுங்கறதை."

"தைக்க வராதுன்னாத்தான் சொல்லணும். நீ அடுத்த வரியைப் படி."

ஏழாம் வருஷம்தான் அந்த நாடகம் வந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் நாடகமும் பாட்டும் எழுதிப் பெரிய பேர் வாங்கிய ஒருவரின் வாழ்க்கை. பெரிய மனுசர், பெயரைத் தப்பாக எழுதிவிடக் கூடாது. எங்கள் பிரிவில் நாங்கள் அவரை நாடகக்காரர் என்றுதான் சொன்னோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் வாழ்க்கையை நான் எங்கேயும் படிக்கவில்லை. உடுப்பு உடுப்பாகத் தைத்தேன். ஒவ்வொன்றையும் வெட்டும்போது ரூத் அம்மா குண்டூசியை எடுத்துவிட்டுக் கையாலும் காலாலும் கதை சொல்லுவார். மீதியைக் கவிதா சொன்னாள். தப்பிருந்தால் அவர்கள் ரெண்டு பேரையும் கேளுங்கள்.

முதலில் தோல் ஏப்ரன். அவர் பிறக்கும் முன்னமே அப்பா இறந்துவிட்டார். அம்மா ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டாள். யாரோ ஒரு நல்லவர் தயவில் பெரிய பள்ளிக்கூடம் போய்ப் படித்தார். அப்புறம் செங்கல் அடுக்க இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு கையில் கொத்துக் கரண்டி, பையில் புத்தகம் என்று சொல்லுவார்களாம். பின்னால் ராஜா பக்கத்தில் உட்கார்ந்தபோதும், ஆகாதவர்கள் "செங்கல் அடுக்கினவன்தானே" என்று ஏசுவார்களாம். இதைக் கேட்டபோது நான் ஊசியை நிறுத்திவிட்டேன். நானூறு வருஷமானாலும் ஏசுகிறவர்களுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை பாருங்கள்.

அடுத்து சிப்பாய்ச் சட்டை, சண்டைக்குப் போனவர். அடுத்துதான் முக்கியம், சிறையில் போடுகிற முரட்டுச் சட்டை. நாடகத்தில் நடிக்கப் போன இடத்தில் இன்னொரு நடிகரோடு கத்திச் சண்டை. குத்தியதில் அந்த ஆள் செத்துப்போனான். தூக்குத்தான். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே ஒரு சட்டம் இருந்ததாம். பாதிரிச் சாமியார்களுக்காக வந்தது, பிறகு படிக்கத் தெரிந்த யாருக்கும் பொருந்தியது. லத்தீனில் உள்ள வேதப் புத்தகத்தில் ஒரு வரியைப் படித்துக் காட்டினால் முதல் தடவை தூக்கு இல்லை. மேடையில் அந்தக் காட்சியை ஒத்திகையில் தினமும் ஓரத்தில் நின்று பார்ப்பேன். குமாஸ்தா புத்தகத்தைப் பிரித்து நீட்டுவார். நாடகக்காரர் படிப்பார். நீதிபதி குமாஸ்தாவைப் பார்த்து, "படிக்கிறானா?" என்பார். குமாஸ்தா, "படிக்கிறான்" என்பார். ஒரு வார்த்தை, உயிர் வந்துவிடும்.

ஆனால் சும்மா விட மாட்டார்கள். ரெண்டாம் முறை இதே வழியில் தப்பிக்கக் கூடாது என்று கட்டைவிரலில் இரும்பைக் காய்ச்சி ஒரு எழுத்தைச் சுட்டுவிடுவார்கள். நாடகக்காரராக நடித்த டேனியலின் கட்டைவிரலில் ரூத் அம்மா மெழுகும் கறுப்பு மையும் வைத்து அந்த வடுவைச் செய்தார். செய்து முடித்து, "சரியா இருக்கா?" என்று என்னிடம் காட்டினார். நான் பார்த்தது எங்கப்பா விரல். படிக்காதவருக்கும் அதே இடம், படித்தவருக்கும் அதே இடம். துணிக்கு வைக்கிற குறியை மனுசனுக்கு வைத்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன். அன்று நாடகக்காரரின் உடுப்புகள் எல்லாவற்றிலும், எதற்கு எது என்று போட்ட குறிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு வட்டத்தையும் குத்தையும் சேர்த்துப் போட்டேன்.

அப்புறம் கறுப்பு வெல்வெட், கழுத்தில் சரிகை, இளவரசர் முன்னால் பாட்டும் கூத்தும் நடத்தும்போது போடுவது. அந்தச் சரிகை ஓக் ட்ரீ ரோட்டில் நான் பிரித்தது. அப்புறம் துக்கத்துக்கு ஒரு கறுப்புக் கோட்டு. அவர் பையன் ஏழு வயசில் கொள்ளை நோயில் போய்விட்டான், இவர் ஊரில் இல்லாதபோது. அதைத் தைத்த ரெண்டு நாளும் ரூத் அம்மா கதை எதுவும் சொல்லவில்லை. கடைசியில் பஞ்சு வைத்த பெரிய தொந்தியும் நோயாளி அங்கியும். செத்தபிறகு அவரை நிற்க வைத்துத்தான் புதைத்தார்களாம். அதற்கு உடுப்பு கேட்கவில்லை, நல்ல வேளை.

இப்போது நான் செய்த தப்பு.

முதல் முறை ஆட்களை உட்கார வைத்து நாடகம் போடுகிற நாள். மதியம் ரெண்டு மணிக்கு ஆட்டம். காலையில் டைரக்டருக்கு ஒரு யோசனை வந்தது, கதையை வரிசையாகச் சொல்ல வேண்டாம், சாகக் கிடப்பதில் ஆரம்பித்துப் பின்னால் போகலாம் என்று. பன்னிரண்டு மணிக்குத் தூணில் புதுச் சீட்டு. ரூத் அம்மா மேடைக்கு அந்தப் பக்கம், ராணியாக நடிக்கிறவரோடு. இந்தப் பக்கம் நானும், இஸ்திரி போடுகிற ரோசாவும். ரோசா பெரு நாட்டுக்காரி, என்னைவிட இங்கிலீஷ் நன்றாக வரும். சீட்டைப் போட்டோ எடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினேன். அவள் மீட்டிங்கில் இருந்தாள். பதில் இல்லை. ஒண்ணரை ஆயிற்று. ரோசாவைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், கௌரவம். வேறு காரணம் சொன்னால் பொய்.

என்னிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. வார்த்தையின் முதல் மூணு எழுத்தைப் படம் மாதிரி ஞாபகம் வைப்பேன். தலை பெருத்த குச்சி, அதே குச்சிக்கு ஒரு கால், அப்புறம் வெறும் குச்சி. இப்படி வந்தால் பிரிசன், சிறைச் சட்டை. புதுச் சீட்டில் ரெண்டாம் வரியில் அது இருந்தது. அஞ்சாம் வரியிலும் இருந்தது. நாடகக்காரர் ஒரு தடவைக்கு மேல் சிறைக்குப் போனவர் என்று ரூத் அம்மா சொல்லியிருந்தார், சரிதான் என்று நினைத்தேன். வெல்வெட் போடுகிற இளவரசர் காட்சியைக் காணோமே என்றால், டைரக்டர் எடுத்துவிட்டார் போல. காலையில் வரிசையையே மாற்றியவர், ஒரு காட்சியை எடுக்க மாட்டாரா?

பிரிசனும் பிரின்ஸும் ஒரே மூணு எழுத்தில் தொடங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

டேனியல் சாவுக் காட்சி முடிந்து ஓடி வந்தார். தொந்தியைக் கழற்றினேன். கால்சட்டைக் கிணற்றில் இறங்கினார், கையைத் தூக்கினார், போட்டேன். முரட்டுத் துணி உடம்பில் பட்டதும் "மேரி, நோ, நோ" என்றார். பாட்டு எழும்பிவிட்டது. போயே ஆக வேண்டும். போய்விட்டார்.

மேடை முழுக்கத் தீபம், பட்டு, சரிகை, இளவரசர் நடுவில். அதற்கு நடுவே கிழிந்த சட்டையோடு ஒரு ஆள். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிற இடமே இல்லை அது. சில பேர் கதை சொல்லுவார்கள், தப்பு நடந்து அதுவே அழகாகிவிட்டது என்று. அப்படி ஒன்றும் ஆகவில்லை. அசிங்கமாகத்தான் இருந்தது. டேனியலின் காது சிவந்தது இங்கிருந்தே தெரிந்தது. அடுத்தடுத்த மாற்றங்களுக்கு நான் வாய் திறந்து, "வாட் சீன்?" என்று அவரையே கேட்டுப் போட்டுவிட்டேன்.

ஆட்டம் முடிந்தது. ரோசா ஸ்டூல் மேல் ஏறி நீல பல்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"மேரி, யூ சே லைட் நோ குட். ஐ டேக் பல்ப். ஓகே?"

"இறங்குடி."

"வாட்?"

"கம் டவுன்."

அவள் இறங்குவதற்குள் ரூத் அம்மா வந்துவிட்டார். சீட்டைத் தூணிலிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்தார். வாயில் குண்டூசி இல்லை.

"ரீட்" என்றார்.

தினமும் மேடையில் பார்த்த அதே காட்சி. காகிதத்தை நீட்டுகிறவர் ஒருவர், நிற்கிறவள் ஒருத்தி. நாடகக்காரருக்குப் படித்தால் உயிர். எனக்குப் படிக்க வராது என்று தெரிந்தால் வேலை போய்விடும். சம்பளம் எனக்குப் பெரிசில்லை, மகன் சோறு போடுவான். ஆனால் காலை எட்டு மணிக்கு, நான் வந்தால்தான் ஆகும் என்று ஒரு இடம் இருந்தது. அது போனால் நான் யாழினியைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்க்கிற கிழவி. பல்பு மேல் பழியைப் போடலாம், ரோசா சாட்சி சொல்லுவாள். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

"ஐ நோ ரீட்" என்றேன்.

"கண்ணாடி கொண்டுவரலையா?"

"நோ கிளாஸ். நோ ரீட். ஆல் மை லைஃப்."

ரோசா மூச்சை இழுத்தது கேட்டது. ரூத் அம்மா என்னைப் பார்த்தார். கம்பியில் தொங்கிய உடுப்புகளைப் பார்த்தார். ஏழு வருஷ உடுப்பு.

"தென் ஹவ்?" என்றார்.

வெல்வெட்டை எடுத்துக் காலரைத் திருப்பிக் காட்டினேன். மூணு புள்ளி. நீதிபதி அங்கியில் சூலம். ஏப்ரனில் ஒரு கோடு, ஒரு புள்ளி. சிறைச் சட்டையில் ரெண்டு கோடு. அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்று தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலராகத் திருப்பினார். இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். ஹெட்மேன் ஹவுஸ், டீச்சர் ஹவுஸ், டெம்பிள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வட்டமும் குத்தும் வந்தது. அது நாடகக்காரர் உடுப்பில் மட்டும் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஹூஸ் ஹவுஸ்?"

"மை ஃபாதர். வாஷ் க்ளோத்ஸ்" என்று சொல்லி என் கட்டைவிரலைக் காட்டி, நடுவில் தொட்டு, "பர்ன்" என்றேன்.

அவர் என் விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து, வெல்வெட்டை வாங்கிக் கம்பியில் மாட்டினார். அவர் கம்பியில் மாட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு முன்னமே சொல்லியிருக்கிறேன். எனக்கு மட்டும் அன்றைக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் பயந்துகொண்டேதான் போனேன். தூணில் சீட்டு இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேனாவால் குறி போட்டிருந்தது. பிரின்ஸுக்குப் பக்கத்தில் மூணு புள்ளி. பிரிசனுக்குப் பக்கத்தில் ரெண்டு கோடு. எழுத்துத் தெரிந்த ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்து எங்கப்பா கையெழுத்தைப் பழகியிருக்கிறார். ஏப்ரனுக்குப் புள்ளியைக் கோட்டுக்கு மேலே வைக்காமல் கீழே வைத்துவிட்டார். எங்கள் ஊரில் அது வேறு வீடு. அவர் வந்து பக்கத்தில் நின்றார், வாயில் குண்டூசி. நான் சீட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்து அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "ஒன்ஸ் மோர்" என்றேன்.

பத்துக் குண்டூசியும் தரையில் விழுந்தது. அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ரோசாவும் நானும் முழங்கால் போட்டுப் பொறுக்கினோம்.

அன்று ஆட்டம் சுத்தமாக நடந்தது. இளவரசர் காட்சிக்குப் போகும் முன் டேனியல் வெல்வெட் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை என் பக்கம் உயர்த்தினார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மேடையில் நீதிபதி கேட்டார், குமாஸ்தா "படிக்கிறான்" என்றார். ஓரத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். சீட்டு எல்லாவற்றிலும் குறி. புதிதாக வந்தவர்களும் கற்றுக்கொண்டார்கள், இருட்டில் எழுத்தைவிட அது வசதி. நான் ஓய்வு பெறுவதற்கு ரெண்டு வருஷம் முன்னால் ரூத் அம்மா தங்கை வீட்டோடு போய்விட்டார். என் பிறந்தநாளுக்குக் கார்டு வரும். உள்ளே எழுத்தே இருக்காது. இந்த வருஷம் வந்ததில் வட்டம், குத்து, பக்கத்தில் ஒரு சூலம், கீழே மூணு புள்ளி. செந்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா எழுதியிருக்காங்க?" என்றான்.

"உனக்குப் படிக்க வராதுடா" என்றேன்.

ஆகவே ஸ்டிக்கர் ஒட்டுகிற பிள்ளைகளே, அது மந்திரம் இல்லை. அது என் அப்பாவின் எழுத்து. நீங்கள் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளுங்கள், குறியைப் பிரிக்காதீர்கள். பிரிக்கத்தான் வேண்டும் என்றால் மூணு தையலுக்கு ஒன்றைத் தளர்த்திப் பிரியுங்கள், துணி கிழியாது.

எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. செந்தில் சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்க்கிற மாதிரி இருக்கிறான். காது இங்கேதான் இருக்கிறது.

யாழினி, இங்கே வா கண்ணு. "அப்பத்தா, இட்ஸ் சோ லாங்" என்று சொல்லக் கூடாது. ர, ற எல்லாம் அப்புறம் திருத்தலாம். கட்டைவிரலை வரிமேல் வைத்துக்கொண்டு மெதுவாக வா. துணி வெளுத்தவர் வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி. உங்கப்பன் அங்கிருந்து "படிக்கிறாளாம்மா?" என்று கேட்டால், குமாஸ்தா பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கே, முதல் வரியிலிருந்து படி.